செப்புக் குழாய்க்குள் கோடித் துணி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சங்கரன்கோவிலில் இருந்து தென்காசிப் பக்கம் பஸ்ஸில் போனால், புளியங்குடி வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கண்ணை மூடிக்கொள்வேன். தூக்கம் ஒன்றும் வராது. கண்டக்டர் ஊர்ப் பேரைச் சொல்லிக் கத்தி, எலுமிச்சை மூட்டைகளை மேலே ஏற்றி, விசிலடித்து, பஸ் ஊரைத் தாண்டிய பிறகுதான் திறப்பேன். அந்த ஊரில் ஒருவன் இருக்கிறான். பார்த்தால் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வான், வீட்டுக்கு வா என்பான். அவன் என்னைத் திட்டினால்கூடப் போய் நின்றுவிடுவேன். திட்டமாட்டான் என்பதுதான் பிரச்சினை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் ஒரே பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தோம். கடைசி வருஷம் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்து காட்ட வேண்டும். அவன்தான் என்னைத் தேடி வந்து சேர்ந்தான். நான் நன்றாகப் படிக்கிறவன் என்று வகுப்பில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நம்பிக் கெட்டவர்களில் முதல் ஆள் அவன்.

அவனுடைய தாய்மாமா துபாயில் ஒரு கம்பெனியில் போர்மேனாக இருந்தார். மருமகனுக்கு அங்கேயே ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். டிப்ளமோ சர்ட்டிபிகேட் கையில் இருந்தால் விசா வரும். அந்த வருஷமே பாஸ் ஆக வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போய்விடும். வாப்பாவுக்கு எலுமிச்சை மண்டியில் வேலை. இவனுக்குக் கீழே மூன்று தங்கைகள். மாமாவின் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். மடித்த இடமெல்லாம் கிழிந்து போயிருந்தது.

"ஒரு ஸ்க்ரூ ஜாக் செஞ்சு வச்சிட்டுப் போயிருவோம் வே" என்றான் முதல் நாளே. "தூக்குதான்னு பாப்பாங்க. தூக்கும். பாஸ் போட்டுருவாங்க. எனக்கு அது போதும்."

எனக்குப் போதவில்லை. வருஷா வருஷம் எல்லாரும் செய்கிற ஸ்க்ரூ ஜாக்கை நானும் செய்வதா? லைப்ரரியில் ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் ஹீட் பைப் என்று ஒன்றைப் பற்றிப் படித்திருந்தேன். விண்வெளிக்குப் போகிற கலங்களில் வைக்கிறார்களாம். அதைச் செய்வோம் என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. "எனக்குப் பயமா இருக்கு வே" என்றான். "நான் இருக்கேம்லா" என்றேன். அந்த இரண்டு வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

ஹீட் பைப் என்றால் பெரிய மாயம் எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் அடைத்த ஒரு செப்புக் குழாய். உள்ளே காற்று இருக்கக் கூடாது. கொஞ்சம் தண்ணீர் மட்டும். ஒரு முனையைச் சூடாக்கினால் தண்ணீர் ஆவியாகி மறுமுனைக்கு ஓடும், அங்கே சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி தண்ணீராகும். திரும்பி வந்து மறுபடி ஆவியாகும். கெட்டியான செப்புக் கம்பியின் ஒரு முனையைச் சூடாக்கினால் மறுமுனை சுடுவதற்கு நேரமாகும். இது சட்டென்று சுடும். குழாயை நிமிர்த்தி வைத்து அடியில் சூடாக்கினால், மேலே போன தண்ணீர் தானாக வழிந்து கீழே வந்துவிடும். படுக்கவைத்தால் வராது. அதற்காக உள்சுவரை ஒட்டி ஒரு திரி வேண்டும், விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி தண்ணீரை இழுத்துக்கொண்டு வர. படுக்கவைத்தும் வேலை செய்தால்தான் அது ஹீட் பைப்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். யார் யார் எந்தெந்தப் பகுதியைச் செய்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், மார்க் தனித்தனியாகத்தான். டிசைன், திரி, ரிப்போர்ட் எல்லாம் நான். குழாய் வெட்டுவது, மூடி வைப்பது, பிரேஸிங் என்கிற பற்றவைப்பு எல்லாம் அவன்.

சங்கரன்கோவிலில் கழுகுமலை ரோட்டில் லாரி ரேடியேட்டருக்கு ஒட்டுப் போடும் வெல்டிங் கடை ஒன்று இருந்தது. கடைக்கார அண்ணாச்சியிடம் கெஞ்சிக் கூத்தாடி, மத்தியானம் அவர் சாப்பிடப் போகிற நேரத்தில் கேஸ் டார்ச்சை வாங்கிக்கொள்வோம். என் சிநேகிதன் டார்ச்சைக் கையில் பிடித்தால் வேறு ஆளாகிவிடுவான். வகுப்பில் கேள்வி கேட்டால் திக்குகிறவன், பற்றுப் பிடிக்க வெங்காரத்தைத் தூவி, பித்தளைக் கம்பியை உருக்கி, மூடியைச் சுற்றி ஒரே ஓட்டத்தில் பற்றவைத்துவிடுவான். ஓரம் மோதிரம் மாதிரி இருக்கும். அண்ணாச்சி பல் குத்திக்கொண்டே வந்து குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "எனக்கு இருபது வருசமாச்சுவே இது வர. நீரு எங்கன படிச்சீரு?" என்று கேட்டார் ஒரு நாள். அவன் காது வரைக்கும் சிவந்துவிட்டான். அவனை யாரும் எதற்காகவும் பாராட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதலில் திரி இல்லாமல் ஒரு குழாய் செய்தோம். நிமிர்த்தி வைத்து அடியில் ஸ்பிரிட் விளக்கைக் காட்டினோம். பத்து எண்ணுவதற்குள் மேல் முனையைத் தொட்டவன் "அல்லாவே!" என்று கையை உதறினான். விரல் பொரிந்துவிட்டது. இரண்டு பேரும் ரோட்டில் நின்று குதித்தோம். துபாய் அன்றைக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது.

அடுத்தது திரி. பத்திரிகையில் மெல்லிய செப்பு வலை என்று போட்டிருந்தது. திருநெல்வேலி வரைக்கும் போய்க் கேட்டும் கிடைக்கவில்லை. பருத்தித் துணியும் ஆகும் என்று ஒரு வரி இருந்தது. துணிக்கா பஞ்சம்? எங்கள் வீட்டில் இரண்டு கைத்தறி. நான் பிறந்ததில் இருந்து காதில் கேட்டதே அந்தச் சத்தம்தான்.

ஆனால் பாலிடெக்னிக்கில் நான் தறி வீட்டுப் பிள்ளை என்பதை மறைத்து வைத்திருந்தேன். மறைக்க முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் சரி. விடிகாலையில் தறிக்குப் போகிற நூலைத் தெருவில் பாவாக நீட்டிக் கட்டி அரிசிக் கஞ்சி தடவுவார்கள். கஞ்சி ஏறாத நூல் தறியில் நிற்காது, அறுந்து போகும். காலேஜ் பஸ்ஸுக்குப் போவதற்கு முன்னால் நானும் ஒரு கை கொடுக்க வேண்டும். அந்த வாடை சட்டையை விட்டுப் போகாது. பஸ்ஸில் நான் போய் உட்கார்ந்ததும் பின்சீட்டில் ஒருத்தன் மூக்கை உறிஞ்சுவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் மாதிரி நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பாவிடம் துணி கேட்டேன். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தறியில் ஓடிக்கொண்டிருந்த வேட்டியின் கடைசியில் இருந்து நெருக்கமாக அடித்து ஒரு முழம் நெய்து அறுத்துக் கொடுத்தார். அம்மா மஞ்சளை இழைத்துக் கொண்டுவந்து, கோடித் துணி என்று ஒரு மூலையில் தடவினாள். "படிப்புக்குப் போற துணிலா" என்றாள். எங்கள் தெருவில் புதுத் துணியை யாரும் நனைக்கமாட்டார்கள். தண்ணீர் பட்டால் மொடமொடப்புப் போய்விடும், அப்புறம் அது பழந்துணி, எந்த வியாபாரியும் தொடமாட்டான். மழைக்காலத்தில் நாங்கள் நனைந்தாலும் துணி நனையாமல் காப்பாற்றிய வீடு. அதனால் அந்தத் துணியை அலச வேண்டும் என்று அப்பாவுக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை, விண்வெளிக் கலத்தைப் பற்றிப் படித்த எனக்கும் தோன்றவில்லை. ரிப்போர்ட்டில் 'கடையில் வாங்கிய பருத்தித் துணி' என்று எழுதினேன்.

ஒன்று கெட்டால் ஒன்று இருக்கட்டும் என்று இரண்டு குழாய்கள் செய்தோம். துணியைச் சுருட்டி உள்ளே விட்டு, சுவரோடு ஒட்டி நிற்க ஒரு கம்பிச் சுருளை நுழைத்தோம். இனி மேல்மூடியைப் பற்றவைக்க வேண்டும், ஆனால் உள்ளே இருக்கிற துணி கருகக் கூடாது. என் மூளைக்கு வழி தெரியவில்லை. அவன்தான் குழாயை ஒரு வாளித் தண்ணீருக்குள் நிற்கவைத்து, மேலே இரண்டு விரல்கடை மட்டும் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு பற்றவைத்தான். வாளித் தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. மேல்மூடியில் விட்டிருந்த சிறு குழல் வழியாகச் சைக்கிள் பம்பால் காற்றடித்து, குழாயைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை. அவன் வாளிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். "ஒண்ணுகூட இல்ல பாத்தியா வே" என்றான். பார்த்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

பிறகு தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தோம். ஆவி உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் வெளியே தள்ளும். அது வேகமாக வருகிற நேரத்தில் சிறு குழலைக் குறட்டால் நசுக்கி ஈயம் வைத்து அடைத்துவிட வேண்டும். முதல் குழாயில் ஆவி சீறிக்கொண்டு வந்தது. இந்த இரண்டிலும் நுரை வந்தது. பொங்கிப் பொங்கி, லேசான மஞ்சளாக, கொழகொழவென்று.

"என்னவே இது, நுரைக்கி?" என்றான்.

"வெங்காரம் மிச்சம் இருந்திருக்கும்" என்றேன். தெரியாது என்று சொல்ல எனக்கு வராது. நுரையோடு நுரையாக அடைத்தோம்.

இரண்டு செங்கல் மேல் குழாயைப் படுக்கவைத்து ஒரு முனையில் விளக்கைக் காட்டினோம். பத்து எண்ணினோம். நூறு எண்ணினோம். மறுமுனை குளிர்ந்து கிடந்தது. இரண்டாவதும் அப்படியே. அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் ரிப்போர்ட்டைப் புரட்டினேன். வைவாவுக்கு நான்கு நாள் இருந்தது. எங்களுக்கு வழிகாட்டியாக இருந்த லெக்சரரிடம் போனோம். அவர் நல்ல மனுஷர். "ஓடலைன்னா பரவாயில்லை. ஏன் ஓடலைன்னு காரணத்தைச் சரியாச் சொல்லிட்டா ரெண்டு பேருக்கும் பாஸ் மார்க் உண்டு. காரணம் தெரியாம மட்டும் வந்து நிக்காதீங்க" என்றார்.

வைவாவுக்கு முந்தின நாள் அவன் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க ஊரில் தங்கிவிட்டான். நான் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து இரண்டில் ஒரு குழாயை ஹாக்சா பிளேடால் அறுத்தேன். பாதி அறுக்கும்போதே வாடை வந்துவிட்டது. எனக்குத் தெரியாத வாடையா அது? துணியை இழுத்தால் வரவில்லை. கூழில் ஊறிய மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஒரு ஓரத்தில் மஞ்சளாக, சிறு குழலின் வாய் வரைக்கும் பசை அடைத்துக் கிடந்தது. ஆவி வெளியே போக வழியில்லாமல் காற்று உள்ளேயே நின்றுவிட்டது. திரியும் தண்ணீரை இழுக்கவில்லை.

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏலே, கோடியை அலசாமலா கொதிக்கப் போட்ட? கஞ்சி விடாம என்ன செய்யும்?" என்றாள். இவ்வளவுதான். மூன்று நாளாக நான் தேடிய காரணத்தை அம்மா வாசல் தெளித்த கையோடு சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

புதிதாகச் செய்யக் குழாய் இல்லை. வெல்டிங் கடையும் பூட்டிக் கிடந்தது. அண்ணாச்சி கரிவலம்வந்தநல்லூரில் ஒரு சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போயிருந்தார். ஆனால் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. காரணம் கையில் இருந்தது. ஒரு பஸ் ஏறினால் புளியங்குடி. போய்ச் சொல்லியிருக்கலாம். மறுநாள் அறுத்த குழாயை மேஜையில் வைத்து, 'சார், துணியில் கஞ்சி இருந்தது, அலசாமல் போட்டுவிட்டேன்' என்று சொன்னால் அவனுக்கு விசா, எனக்குப் பாஸ். நான் பஸ் ஏறவில்லை. அறுத்த குழாயைச் சாக்கில் சுற்றித் தறிக் குழிக்குப் பின்னால் போட்டேன். மறுநாள் காலை பஸ்ஸில் வரும்போதுகூடச் சொல்லிவிடலாம் என்றே நினைத்திருந்தேன். இதை நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. நினைத்தேன், அவ்வளவுதான்.

வைவா ஒரு பெரிய ஹாலில் நடந்தது. எங்கள் மேஜையைச் சுற்றி வகுப்புப் பையன்கள் நின்றார்கள். பஸ்ஸில் மூக்கை உறிஞ்சுகிறவனும் நின்றான். வெளியூரில் இருந்து வந்த எக்சாமினர் மறுமுனையைத் தொட்டுப் பார்த்தார். கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு, "ஜில்லுனு இருக்கே. ஏன்?" என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். கஞ்சி என்கிற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அந்தப் பையன் மூக்கைத் தொடுவதைப் பார்த்தேன். எக்சாமினர் கையில் என் ரிப்போர்ட், 'கடையில் வாங்கிய' என்ற பக்கம் விரித்தபடி இருந்தது. 

"பிரேஸிங் ஜாயின்ட்ல லீக் இருக்கும்னு நினைக்கிறேன் சார்" என்றேன்.

"பிரேஸிங் யாரு?"

"நான்தான் சார்" என்றான் அவன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. லீக் டெஸ்ட் பண்ணினீங்களா என்று கேட்டார். "பண்ணினோம் சார். அப்ப இல்ல சார்" என்றான். அப்புறம் எப்படி வந்தது என்றார். அவன் திக்க ஆரம்பித்தான். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் திக்கத் திக்க, எக்சாமினர் அவன் நம்பருக்கு நேரே எதையோ எழுதினார்.

ரிசல்ட் வந்த அன்று போர்டில் என் நம்பர் இருந்தது. அவன் நம்பர் இல்லை. மற்ற எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தான், புராஜெக்டில் மட்டும் போய்விட்டது. மறு வருஷம் புதிதாக ஒன்று செய்து எழுதலாம். ஆனால் மாமா மறு வருஷம் வரைக்கும் காத்திருக்க முடியாது. அந்த இடத்துக்கு அவருடைய மனைவி வழியில் ஒரு பையன் போனான்.

இரண்டு வாரம் கழித்து அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அதுவரை அவனை வீட்டுக்கு நான் கூப்பிட்டதே இல்லை. யாரிடமோ தெருவை விசாரித்துக்கொண்டு, கையில் ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு வாசலில் நின்றான். எல்லாம் தெரிந்து சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அம்மா பழத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவன் தறிகளைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. அப்பா நெய்கிற சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று கொஞ்சம் கிட்ட வந்து உட்கார்ந்தான்.

"நான் யோசிச்சுப் பாத்தேன் வே" என்றான். "வாளித் தண்ணியில வச்சுப் பத்தவச்சேம்லா. ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி. அதுலதான் கீறல் விட்டிருக்கும். அன்னைக்குத் தெரியல, பெறகு விரிஞ்சிருக்கு. என் கோளாறுதான்."

நான் தறியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னால உனக்கும் மார்க் கொறைஞ்சு போச்சு. நீ சொன்ன டிசைன் சரியாத்தான் இருந்திச்சு. அதச் சொல்லிட்டுப் போவலாம்னுதான் வந்தேன். மனசுல வச்சுக்கிடாத."

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அறுத்த குழாய் அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்து நாலு எட்டில், சாக்குக்குள் கிடந்தது. எழுந்து போய் எடுத்துக் காட்டியிருக்கலாம். விசா போய்விட்டது, டிப்ளமோ போய்விட்டது. டார்ச் பிடித்த அந்தக் கை சுத்தமான கை என்பதையாவது அவனுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அதற்கு எனக்கு இனி எந்த நஷ்டமும் இல்லை. அங்கே சிரிப்பதற்குக்கூட யாரும் இல்லை.

"விடு வே. யாருக்கும் தவறத்தான் செய்யும்" என்றேன்.

அவன் முகம் தெளிந்துவிட்டது. அம்மா கொடுத்த சர்பத்தைக் குடித்தான். எழுந்திருக்கும்போது, "இனிமே டார்ச்சத் தொட மாட்டேன் வே. எனக்கு அது வராது" என்றான், சிரித்துக்கொண்டே. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் ஏற்றிவிட்டு வந்தேன்.

மறு வருஷம் அவன் பரீட்சைக்கு வரவில்லை. மண்டியில் வாப்பாவோடு சேர்ந்துகொண்டான். கழுகுமலை ரோட்டு அண்ணாச்சி ஆள் இல்லாமல் அவனைக் கூப்பிட்டு இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். அவன் போகவில்லை என்று அவரே என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார்.